கடல் இருக்கிறது, தண்ணீர் இல்லை: இராமநாதபுரக் கரையும் ஒரு காகித ஆலைக் கணக்கும்

என் அக்கா மகன் கரூர் பக்கம் காகிதபுரத்தில் இரண்டு வருடமாக ஒப்பந்த வேலை பார்க்கிறான். கரும்புச் சக்கை வந்து இறங்கும் இடத்தில் வேலை. ஆடியில் ஊருக்கு வந்தவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு தேவிபட்டினம் சாலையில் வந்தேன். இரண்டு பக்கமும் கருவை மண்டிக் கிடந்தது. பார்த்துக்கொண்டே வந்தவன் கேட்டான்: "மாமா, கட்டைக்குப் பஞ்சமில்ல. கடலு காலடியில கெடக்கு. ஆளுக பூராம் பொழைக்க வெளியூரு போறாக. நம்ம பக்கம் ஒரு பேப்பர் மில்லு வந்தா என்ன?"

நியாயமான கேள்வி. 230 கிலோமீட்டருக்கும் மேல் கடற்கரை உள்ள மாவட்டம் இது. ஆனாலும் வாலிநோக்கம் உப்பளம், வழுதூர் எரிவாயு மின்நிலையம் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் பெரிய தொழில்கள். வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் பையன்கள் சென்னைக்கும் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் கிளம்பிவிடுகிறார்கள். ஆகவே "ஏன் வரவில்லை" என்று அவன் கேட்டதற்கு "இந்த ஊருக்கு எதுதான் வந்தது" என்று சலித்துக்கொண்டு போய்விட எனக்கு மனமில்லை. காகித ஆலை எப்படி ஓடுகிறது என்று பார்த்தால், அது இங்கே வராததற்கான காரணம் அந்த ஓட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் அவன் வேலை பார்க்கும் இடத்திலிருந்தே தொடங்கலாம். தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1979-இல் அரசால் தொடங்கப்பட்டது. உலக வங்கியின் கடனுதவியோடு, காகிதபுரம் இருக்கும் புகளூரில் ஆலை எழுந்து, 1984-இல் உற்பத்தி ஆரம்பமானது. அப்போதைய திறன் ஆண்டுக்கு 90,000 டன். மரத்தை நம்பாமல், சர்க்கரை ஆலைகள் பிழிந்து போட்ட கரும்புச் சக்கையிலிருந்து செய்தித்தாள் காகிதம் எடுப்பது என்ற துணிச்சலான முடிவோடு தொடங்கிய ஆலை அது. சர்க்கரை ஆலைகள் சக்கையைத் தங்கள் கொதிகலனில் எரித்து வந்தன. "சக்கையைக் கொடுங்கள், எரிக்க நிலக்கரியும் நீராவியும் நாங்கள் தருகிறோம்" என்று பண்டமாற்றுப் பேசி வாங்கினார்கள். இன்று புகளூரின் திறன் 4 லட்சம் டன்னாக வளர்ந்துவிட்டது. சக்கையோடு தைலமரமும் சவுக்கும் போகின்றன.

இதையெல்லாம் மருமகன் என்னைவிட நன்றாகவே அறிவான். அவன் யோசித்துப் பார்க்காதது ஒன்றுதான்: அந்த ஆலை காவிரிக் கரையில் நிற்கிறது. அதற்கு மேலே பள்ளிபாளையத்தில் 1960களின் தொடக்கத்திலிருந்து ஓடும் சேஷசாயி காகித ஆலையும் காவிரிக் கரையில்தான். ஆந்திரத்தின் பழைய ஆலை ராஜமுந்திரியில் கோதாவரிக் கரையில். கர்நாடகத்துத் தாண்டேலி ஆலையின் பெயரில் 'மேற்குக் கடற்கரை' என்று இருந்தாலும், அது இருப்பது காட்டுக்குள், காளி ஆற்றங்கரையில்.

மரத்தால் ஆனதா, நீரால் ஆனதா

மரத்தில் ஏறக்குறையப் பாதிதான் நமக்கு வேண்டிய நார். மீதியில் பெரும்பங்கு லிக்னின் என்ற பசை. நாரோடு நாரை இறுக்கிப் பிடித்து மரத்தை நிமிர்ந்து நிற்க வைப்பது அதுதான். தாள் செய்ய வேண்டுமென்றால் அந்தப் பசையைக் கரைத்து வெளியே எடுக்க வேண்டும். மரத்தைச் சிறு சில்லுகளாக வெட்டி, காஸ்டிக் சோடாவும் சோடியம் சல்ஃபைடும் கலந்த கரைசலில் போட்டு, பெரிய இரும்புக் கலத்தில் 160 முதல் 170 டிகிரி வெப்பத்தில் அழுத்தத்தோடு வேகவைக்கிறார்கள். ஜெர்மானியர் கார்ல் டால் 1879-இல் கண்டறிந்த இந்த முறைக்குக் 'கிராஃப்ட்' என்று பெயர். ஜெர்மன் மொழியில் அந்தச் சொல்லுக்கு வலிமை என்று பொருள். இந்த முறையில் வரும் கூழ் அவ்வளவு வலுவானது.

வெந்த பிறகு ஒரு பக்கம் பழுப்புக் கூழ், இன்னொரு பக்கம் கறுப்புச் சாறு. ஆலையின் உயிரே இந்தக் கறுப்புச் சாற்றில்தான் இருக்கிறது. மரத்தின் மறுபாதியும் போட்ட ரசாயனம் அத்தனையும் அதற்குள் கரைந்து கிடக்கின்றன. அதைச் சுண்டக் காய்ச்சி, கெட்டியாக்கி, கொதிகலனில் பீய்ச்சி எரித்தால் லிக்னின் விறகாகிறது, ரசாயனம் உருகி அடியில் சேர்கிறது. உருகியதைத் தண்ணீரில் கரைத்துச் சுண்ணாம்போடு சேர்த்தால் பழைய சமையல் கரைசல் திரும்பக் கிடைக்கிறது. 1930களில் டாம்லின்சன் என்பவர் இதற்கான கொதிகலனை வடிவமைத்த பிறகுதான் கிராஃப்ட் முறை உலகமெங்கும் பரவியது. நன்றாக நடத்தப்படும் ஆலை, போட்ட ரசாயனத்தில் 95 சதவீதத்துக்கு மேல் மீட்டுவிடும். தனக்கு வேண்டிய நீராவியிலும் மின்சாரத்திலும் பெரும்பகுதியை அந்தச் சாற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும். இந்த மீட்புக்கு முதல் போட முடியாத சிறு ஆலைகள் என்ன செய்யும்? சாற்றை ஆற்றில் விடும். இந்தியாவில் வைக்கோலையும் சக்கையையும் வேகவைத்த பல சிறு ஆலைகளால் ஆறுகள் கறுத்ததற்கு இதுதான் காரணம்.

பழுப்புக் கூழை அலச வேண்டும். வெளுக்க வேண்டும். மறுபடி அலச வேண்டும். பிறகு தண்ணீரில் கலக்கித் தாள் பொறியின் ஓடும் வலைமேல் ஊற்றுவார்கள். ஊற்றும்போது அதில் 99 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். பார்த்தால் கஞ்சித் தண்ணீர்கூட இல்லை, அரிசி களைந்த நீர் போல இருக்கும். தண்ணீர் வடிய வடிய நார்கள் ஒன்றின் மேல் ஒன்று படிகின்றன. பிழிந்து, நீராவியில் சூடேறிய உருளைகள்மேல் ஓட்டிக் காயவைக்கும்போது, நாருக்கும் நாருக்கும் இடையில் இருந்த நீர் விலகி அவை தாமாகவே ஒட்டிக்கொள்கின்றன. கையில் இருக்கும் தாளைக் கிழித்து வாளித் தண்ணீரில் போட்டுப் பிசைந்தால் திரும்பக் கூழாகிவிடும். நீர்தான் நார்களைச் சேர்க்கிறது, நீர்தான் பிரிக்கிறது. அதனால்தான் காகித ஆலையை மரத்தொழில் என்பதைவிடத் தண்ணீர்த் தொழில் என்று சொல்வது பொருந்தும் என்று எனக்குப் படுகிறது.

எவ்வளவு தண்ணீர்? பெரிய ஆலைகள் ஒரு டன் தாளுக்கு 200 கிலோலிட்டர் (ஒரு கிலோலிட்டர் ஆயிரம் லிட்டர்) வரை கழிவுநீர் விடலாம் என்றுதான் ஒரு காலத்தில் நம் நாட்டு விதியே இருந்தது. 2003-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் தொழில் துறையும் செய்துகொண்ட உடன்பாட்டில் அது 1992-க்கு முந்தைய ஆலைகளுக்கு 120 என்றும், பிந்தையவற்றுக்கு 100 என்றும் இறக்கப்பட்டது. நல்ல ஆலைகள் இன்று 50 கிலோலிட்டருக்கும் கீழே கொண்டுவந்திருக்கின்றன.

இதை வைத்து நம் கரைக்கு ஒரு கணக்குப் போடலாம். புகளூர் ஆலை தொடங்கிய அளவிலேயே ஒரு ஆலை, நாளுக்கு 300 டன் என்று வைப்போம். டன்னுக்கு 100 கிலோலிட்டர் என்றால் நாளுக்கு 3 கோடி லிட்டர். மிகச் சிக்கனமாக 50 என்றாலும் ஒன்றரைக் கோடி லிட்டர். கிராமத்தில் ஒரு ஆளுக்கு நாளுக்கு 55 லிட்டர் குடிநீர் என்பது ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. அந்த ஒன்றரைக் கோடி லிட்டர் 2.7 லட்சம் பேருக்கு வரும். 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மொத்த மக்கள் 13.5 லட்சம். மாவட்டத்தில் ஐந்தில் ஒருவர் குடிக்கும் தண்ணீரை அந்த ஒற்றை ஆலை கேட்கும்.

அதைக் கொடுக்க இங்கே என்ன இருக்கிறது? வைகை நம் மாவட்டத்துக்குள் வரும்போதே களைத்துப்போய் வருகிறது. இராமநாதபுரம் பெரிய கண்மாய் நிரம்பி வழிந்து ஆற்றங்கரை என்ற ஊரில் கடலைத் தொடும் ஆண்டுகளைப் பெரியவர்கள் விரல்விட்டுச் சொல்வார்கள். நரிப்பையூரில் 1990களின் கடைசியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டியபோது பெரும் சாதனை என்று கொண்டாடினோம். அதன் திறன் நாளுக்கு 38 லட்சம் லிட்டர். நாம் கணக்குப் போட்ட ஆலைக்கு அப்படி நான்கு நிலையம் வேண்டும். கடைசியில் நம் தாகம் தணிந்தது காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தால். திருச்சிப் பக்கம் காவிரிப் படுகையில் எடுக்கும் நீர் குழாயில் வந்து நம் தொட்டிகளில் விழுகிறது. புகளூரும் பள்ளிபாளையமும் அதே ஆற்றில் திருச்சிக்கு மேலே இருக்கின்றன. மருமகன் வேலை பார்க்கும் ஆலை முதலில் தொட்ட ஆற்றைத்தான் அவன் அம்மா இங்கே குடத்தில் பிடிக்கிறாள். கரையிலேயே காகித ஆலை இல்லாவிட்டாலும், காகித ஆலைகளின் ஒழுங்கு நம் குடத்தோடு கட்டப்பட்டதுதான். புகளூர் ஆலை சுத்திகரித்த கழிவுநீரை 1990களிலிருந்து சுற்றுவட்டார விவசாயிகளின் சங்கம் வழியாகப் பாசனத்துக்கு விடுகிறது. அது ஒழுங்காக நடக்கிறதா என்பது கரூர்க்காரர்களின் கவலை மட்டுமில்லை, நம் கவலையும்தான்.

நிலத்தடி நீரை உறிஞ்சலாமே என்பார் உண்டு. கடலோரத்தில் அதைச் சொல்லவே கூடாது. எங்கள் கரையில் மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மெல்ல மெல்ல அள்ளிக் குடம் நிரப்பும் பெண்களைப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். அவசரப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உவர்ப்பு ஏறிவிடும். மழைநீர் உப்புநீரைவிட இலேசானது என்பதால் மணலுக்கடியில் அது உப்புநீரின்மேல் மிதக்கிறது. கைபன், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலுமாக இதற்குக் கணக்குச் சொன்னார்கள்: கடல்மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் 1 மீட்டர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை உப்புநீரைத் தள்ளி வைக்கும். திருப்பிப் போட்டுப் பாருங்கள். மோட்டார் வைத்து 1 மீட்டரை இறக்கினால், அடியிலிருந்து உப்பு 40 மீட்டர் மேலேறப் பார்க்கும். கொட்டாங்கச்சிப் பெண்கள் இதைப் படித்ததில்லை, ஆனால் அந்தக் கணக்கின்படியேதான் நடந்தார்கள்.

கடலோரத்தில் ஆலை கட்டியவர்கள்

அப்படியானால் உலகில் கடலோரக் காகித ஆலையே இல்லையா? நிறைய உண்டு. கனடாவின் மேற்குக் கரையைப் பார்த்தால் நமக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாடு துலக்கமாகத் தெரியும்.

பவல் ரிவர் என்ற ஊரில் 1912-இல் செய்தித்தாள் காகிதம் ஓடத் தொடங்கியது. வட அமெரிக்காவின் மேற்கு நாளிதழ்கள் பல அந்த ஆலையின் தாளில் அச்சாயின. அது உலகின் மிகப் பெரிய செய்தித்தாள் காகித ஆலைகளுள் ஒன்றாக வளர்ந்தது. ஆலை நின்றது கடலோரத்தில், ஆனால் குடித்தது கடலை அல்ல. பின்னாலேயே மலை, மலையில் பெரிய நன்னீர் ஏரி. ஏரியிலிருந்து கடலுக்கு ஓடியது அரைக் கிலோமீட்டர்கூட இல்லாத ஒரு குட்டி ஆறு. அதை மறித்து அணை போட்டார்கள். நீரும் கிடைத்தது, மின்சாரமும் கிடைத்தது. கடலைப் பயன்படுத்தியது இரண்டுக்கு: வெட்டிய மரங்களைக் கட்டி மிதக்கவிட்டு இழுத்து வரவும், தாளைக் கப்பலில் ஏற்றவும். பழைய கான்கிரீட் கப்பல்களை நங்கூரமிட்டு வரிசையாக நிறுத்தி, மரம் மிதக்கும் குளத்துக்கு அலைத்தடுப்பு ஆக்கியிருந்தார்கள். அணை கட்டிய இடம் ட்லாமின் என்ற பழங்குடி மக்களின் ஊர். ஆலைக்காக அவர்களை அகற்றினார்கள். ஆலை 2023-இல் நிரந்தரமாக மூடப்பட்டது. அடுத்த ஆண்டு அந்த நிலத்தில் ஒரு பகுதி ட்லாமின் மக்களிடம் திரும்பியது. நூறாண்டுக்கு மேல் ஓடிய தொழில் அது, சோறு போட்ட தொழில். அதை யாரும் மறுக்க முடியாது.

ஆக, கடலோர ஆலை என்றால் கடல்நீரில் ஓடும் ஆலை என்று பொருளில்லை. உப்பு காகித ஆலைக்குப் பகை. கனடாக்காரர்களுக்கு அது பட்டறிவால் தெரியவந்தது. கடலில் மிதந்து வந்த மரங்கள் உப்பைக் குடித்துக்கொண்டு வந்தன. ரசாயனம் சுற்றிச் சுற்றி மீட்கப்படும் அமைப்பில் உள்ளே புகுந்த உப்பு வெளியே போக வழியில்லை, சேர்ந்துகொண்டே போனது. கொதிகலனில் சாம்பல் சீக்கிரம் இளகிப் பிசுபிசுத்துக் குழாய்களில் அப்பியது, இரும்பை அரித்தது. அந்த மரங்களின் பட்டையை எரித்தபோது உப்பிலிருந்த குளோரின் டையாக்சின் என்ற கொடிய நஞ்சாகப் புகைபோக்கி வழியே போனது. மரத்தில் ஊறிய கொஞ்ச உப்புக்கே இந்தப் பாடு. கடலை அப்படியே குழாய் போட்டு ஆலைக்குள் விட்டால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கடல்நீரை நன்னீராக்கியே ஆலை ஓட்ட முடியாதா என்றால், பணம் இருந்தால் முடியும். ஒரு கிலோலிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் ஆகும். ஒரு டன் தாளுக்கு 150 முதல் 200 யூனிட் கூடுதல் செலவு. ஆற்றங்கரை ஆலையோடு விலையில் போட்டி போட வேண்டிய தொழிலதிபர் அதற்கு ஒப்ப மாட்டார். ஒப்பினாலும், எடுத்த நீரில் பெரும்பகுதி ஆவியாகிவிடுவதில்லை, கழிவாகத் திரும்புகிறது. அதை எங்கே விடுவது?

விட்டவர்களின் கதை இருக்கிறது. வான்கூவருக்கு அருகே ஹவ் சவுண்ட் என்ற குறுகிய கடல் நுழைவாயிலில் இரண்டு கூழ் ஆலைகள் இருந்தன. கூழை வெளுக்கக் குளோரின் வாயு பயன்படுத்தியதால் டையாக்சின் உண்டாகிக் கழிவோடு கடலுக்குப் போனது. 1988-இல் அங்கே நண்டும் இறாலும் பிடிக்கத் தடை வந்தது. வெளுப்பு முறை மாறி, 1992-இல் கடும் விதிகள் வந்து, நஞ்சு மளமளவென்று குறைந்த பிறகும் மீனவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். ஜப்பானில் ஃபூஜி மலையடியில் தாகோனோஉரா துறைமுகத்தில் நடந்தது வேறு மாதிரி. சுற்றியிருந்த காகித ஆலைகள் விட்ட நார்ச்சேறு துறைமுகத்தின் அடியில் படிந்து படிந்து கப்பல் போகவே தடையானது. 'ஹெடோரோ' என்று அந்தச் சேற்றுக்குப் பெயர். 1970-இல் மீனவர்கள் திரண்டு போராடினார்கள்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். கோழிக்கோடு அருகே மாவூரில் மூங்கிலிலிருந்து ரேயான் துணிக்கான கூழ் எடுத்த ஆலை, 1963 முதல் சாலியாற்றங்கரையில் ஓடியது. ஆறு பேப்பூரில் கடலில் கலக்கிறது. அரசு மூங்கிலை டன் 1 ரூபாய்க்குக் கொடுத்து வரவேற்ற ஆலை அது. கரையோர வாழக்காட்டு மக்கள் மீன் செத்து மிதப்பதையும் காற்று நாறுவதையும் சொல்லி நீண்ட காலம் போராடினார்கள். போராட்டத்தை முன்னின்று நடத்திய கே. ஏ. ரஹ்மான் 1999 ஜனவரியில் புற்றுநோயால் இறந்தார். அதே ஆண்டு கூழ்ப் பிரிவு நின்றது. 2001-இல் ஆலை முழுவதும் மூடியது. ஆனால் அதற்கு முன்பே 1985 முதல் 1988 வரை ஆலை மூடிக் கிடந்தபோது தொழிலாளர் குடும்பங்கள் பட்ட பாட்டையும் சேர்த்தே இதைச் சொல்ல வேண்டும். ஆற்றைக் காக்க நின்றவர்களும் வேலையைக் காக்க நின்றவர்களும் ஒரே ஊர்க்காரர்கள். ஒரு ஆலையைத் தவறான இடத்தில் தவறான விதத்தில் ஆரம்பித்தால், அதை நடத்தினாலும் துன்பம், மூடினாலும் துன்பம் என்பதை மாவூரைவிட வலியோடு சொல்லும் ஊர் எனக்குத் தெரியவில்லை.

நம் கடல் ஆழமில்லாதது

ஹவ் சவுண்ட் ஆழமான நீர். நம் பாக் விரிகுடாவின் ஆழம் பெரும்பாலும் 10 மீட்டர் அளவுதான். வற்றக் காலத்தில் மண்டபம் பக்கம் வெகுதூரம் நடந்தே போகலாம். ஒரு பக்கம் இலங்கை, ஒரு பக்கம் இராமேசுவரம் தீவும் மணல்திட்டுகளும் அடைத்து நிற்கும் கிண்ணம் அது. தெற்கே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளப் பார். அவை 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. 1989-இல் அந்த வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமாகவும் ஆனது.

அடியில் கடற்புல் மேடைகள். ஆவுளியா என்ற கடல்பசு மேய்வது அதில்தான். அதற்காகவே 2022-இல் பாக் விரிகுடாவின் தஞ்சை, புதுக்கோட்டைப் பகுதியில் 448 சதுர கிலோமீட்டரில் காப்பகம் அறிவித்தார்கள். கடற்புல் ஒரு பயிர். வெயில் கீழே போய்ச் சேர்ந்தால்தான் முளைக்கும். இங்கேதான் காகிதக் கழிவின் ஒரு குணத்தைக் கவனிக்க வேண்டும். சுத்திகரிப்புத் தொட்டியில் நுண்ணுயிர்கள் கழிவைத் தின்று நாற்றத்தையும் அழுகலையும் வெகுவாகக் குறைத்துவிடும். லிக்னினின் பழுப்பு நிறத்தை மட்டும் அவற்றால் எளிதில் தின்ன முடியாது. எல்லா விதிக்கும் உட்பட்ட கழிவுநீர்கூடக் கடுந்தேநீர் நிறத்தில் வெளியேறலாம். ஆழ்கடலில் அது கரைந்து போகும். 10 மீட்டர் ஆழக் கிண்ணத்தில், அடியில் வெயிலுக்காகக் காத்திருக்கும் புல்லின் தலைமேல் அந்தத் தேநீரைக் கொட்டுவது வயலுக்குப் பந்தல் போடுவது மாதிரி. புல் போனால் இறாலும் நண்டும் குஞ்சுப் பருவத்தில் ஒதுங்கி வளரும் இடம் போகும். சட்டம் என்ன சொல்லும் என்று யோசிக்கும் முன்பே கரைவலை இழுப்பவர் விடை சொல்லிவிடுவார்.

கருவையைப் பற்றியும் மருமகனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. சீமைக் கருவேலம் விறகுக்கென்று கொண்டுவந்து விதைத்த மரம். இன்று கண்மாயையும் வயலையும் மூடிவிட்டது. அதை அகற்ற வேண்டும் என்று 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை வழக்குப் போனது. ஆனாலும் முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடிப் பக்கம் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களுக்கு வறட்சியில் கைகொடுத்ததும் அதுதான். காகித ஆலைக்கு வேண்டியது வேறு வகை மரம்: நேராக, ஒரே பருமனாக, பட்டை சுலபமாக உரிவது. கருவை கோணல், முள், கல் போன்ற கனம். நாளுக்கு 300 டன் கூழுக்கு ஆயிரம் டன்னுக்கு மேல் ஈரமரம், அதாவது 20 டன் லாரி 50-க்கு மேல் தினமும் வர வேண்டும். கருவை அப்படிச் சீராக வராது. சவுக்கு வரும். மணலிலும் வளரும், மூன்று நான்கு ஆண்டில் வெட்டலாம், ஆலைக்காரர்கள் தேடி வாங்குவார்கள். கடலூர் முதல் தெற்கே கடலோர மணல்காட்டில் விளையும் சவுக்குதான் கரை காகிதத்துக்குச் செய்யும் உதவி. மரம் கரையில் விளையலாம். வேகவைப்பது ஆற்றங்கரையில்தான் நடக்க வேண்டும்.

இதே பாகப்பிரிவினையைக் கடற்பாசித் தொழிலிலும் பார்க்கிறோம். தீவுகளை ஒட்டி மூழ்கி மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்ற கடற்பாசிகளை அறுத்து வரும் நம் பெண்களின் பாசி, காய்ந்த பிறகு மதுரைப் பக்கத்து ஆலைகளுக்குப் போகிறது. கட்டக்கோரையிலிருந்து ஆல்ஜினேட் என்ற பசைப்பொருள் எடுப்பதும் கிட்டத்தட்டக் கூழ் எடுக்கிற வேலைதான்: காரத்தில் ஊறவைப்பது, கரைப்பது, வடிப்பது, வெளுப்பது. அலச அலசத் தண்ணீர். அதனால் கடலில் விளைந்த சரக்கே தண்ணீரைத் தேடி உள்நாட்டுக்குப் போகிறது.

ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. இந்தப் பனங்காட்டில் எழுதும் பொருளுக்கு ஒரு காலத்தில் பஞ்சமே இருந்ததில்லை. ஓலையை அறுத்து, வேகவைத்து, நிழலில் உலர்த்தி, தேய்த்து மெருகேற்றி ஏடாக்கினார்கள். ஒரு பானைத் தண்ணீர் போதும். காகிதம் என்ற சொல் பாரசீகத்திலிருந்தும், எங்கள் பாட்டி சொல்லும் கடுதாசி போர்த்துக்கீசியத்திலிருந்தும் வந்தவை. ஓலை மட்டும் இந்த மண்ணின் சொல். ஏட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்லவில்லை. இந்த நிலம் எந்த அளவுத் தண்ணீருக்குள் எழுத்தை வைத்திருந்தது என்று நினைத்துப் பார்த்தேன்.

"அப்ப நம்ம பக்கம் ஒண்ணுமே முடியாதா மாமா?" என்றான். முடியாது என்று சொல்ல மாட்டேன். பழைய தாளைக் கரைத்து அட்டை செய்யும் ஆலை இருக்கிறது. அங்கே மரம் வேகவைப்பதில்லை, கறுப்புச் சாறும் இல்லை. டன்னுக்கு 10 முதல் 20 கிலோலிட்டர் போதும். நாளுக்கு 50 டன் என்றால் 5 முதல் 10 லட்சம் லிட்டர். சிவகாசி அச்சகங்களில் வெட்டி விழும் தாள் விளிம்பு அருகிலேயே கிடைக்கும். வத்தலுக்கும் கருவாட்டுக்கும் அட்டைப் பெட்டி தேவை. தண்ணீருக்கு இராமநாதபுரம் நகரின் சாக்கடை நீரையே சுத்திகரித்துக் கொடுக்கலாம். 2011-இல் 61,000 பேர் இருந்த நகரம் அது; ஆளுக்கு 80 லிட்டர் கழிவு என்றாலும் 49 லட்சம் லிட்டர் வருகிறது. நிலத்தடி உப்பு அதில் எவ்வளவு கலக்கிறது என்பதை மட்டும் முதலில் அளக்க வேண்டும். கடலோரத்தில் கட்ட வேண்டிய தேவையும் இல்லை. கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, கடல்முகப்பு அவசியப்படாத புதிய தொழிலை ஏற்றக்கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் பொதுவாக அனுமதிப்பதில்லை. காகித ஆலைக்குக் கடல்முகப்பு அவசியமும் இல்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. மரத்திலிருந்து கூழ் எடுக்கும் ஆலை என்றால் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி அது முதல் வகைத் தொழில், மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும், பொதுமக்கள் கருத்துக்கேட்பு நடக்கும். பழைய தாளிலிருந்து மட்டும், மை நீக்காமல் வெளுக்காமல் சாயம் ஏற்றாமல் செய்யும் ஆலைக்கு அந்த முன் அனுமதி வேண்டியதில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு போதும். ஆட்சியர் தலைமையில் மேடை போட்டு யாரும் நம்மைக் கேட்க மாட்டார்கள். நாம்தான் கிராமசபையில் கேட்டு வாங்க வேண்டும்: தண்ணீர் எங்கிருந்து, நாளுக்கு எத்தனை லிட்டர், மீட்டர் யார் பார்ப்பது, கழிவு எந்த ஓடையில், அந்த ஓடை எந்தக் கண்மாயில், அந்தக் கண்மாயின் கலுங்கு எந்தக் கடலில்.

மறுநாள் இராத்திரி பேருந்தில் ஏறும்போது மருமகன் சொன்னான்: "போனதும் மொத வேலையா எங்க மில்லுல ஒரு நாளைக்கு எத்தன லிட்டர் எடுக்குறாகன்னு கேட்டுட்டுப் போன் பண்றேன் மாமா. இந்த ரெண்டு வருசத்துல அத நான் கேட்டதே இல்ல."